குடம், தினம் இரண்டு வேளை

என் கை பட்டால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஓர் அம்மாளை நான் பதினோரு வாரம் பராமரித்தேன். அதில் பாதி நாள் அவரைக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். மீதி நாள் அவரைக் கிணறு வரைக்கும் நடக்க வைப்பதே என் வேலையாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில், பெண்களின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்தெட்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள். எனக்குக் கல்யாணம் ஆகும் என்ற நம்பிக்கை என் அம்மாவைத் தவிர யாருக்கும் இல்லை; முன்கோபக்காரி என்ற பெயர் மட்டும் பாலக்கரை வரைக்கும் பரவியிருந்தது.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். பெரும்பாலும் வயதானவர்கள். மாடு முட்டி விழுந்தவர், மொட்டைமாடியில் வடாம் காயவைக்கப் போய் விழுந்தவர், ஜட்கா குடைசாய்ந்து விழுந்தவர் என்று வந்து சேர்வார்கள். கட்டுப் போட்டு, காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மாதம் படுக்க வைத்தால் எலும்பு கூடிவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடங்கள் என்றால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எழுந்தாலும் வீட்டார் விட மாட்டார்கள். அடிபட்ட மாமியாரை நடக்கவிட்ட மருமகள் என்று தெருவில் பெயர் வாங்க யாருக்கு ஆசை? பார்க்க வருகிற மகளும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறுபடி படுக்கையில் சாய்த்துவிட்டு, "பாவம்" என்று விசிறுவார்கள். அப்படி விசிறி விசிறியே பலருக்கு முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. கால் முறிந்து வந்தவர்கள் சளியில் போனார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என் கோபத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் டாக்டர் பழைய பட்டாளத்து டாக்டர். முதல் உலகச் சண்டைக்காலத்தில் மெசபடோமியா வரை போய் வந்தவர். "படுக்கையே ஒரு வியாதி" என்பார். கிழவிகளை எழுப்ப அவர் செய்யாத வித்தை இல்லை. ஒரு நாள் வார்டு நடுவில் நின்று, "இப்படித்தான் நடக்கணும், பாருங்க" என்று கைகளை வீசி, பட்டாளத்து நடையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து காட்டினார். பன்னிரண்டு பேரும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஓர் ஆண்பிள்ளை தங்கள் முன்னால் இப்படி நடக்கலாமா என்ற வெட்கம். டாக்டர் நின்று திரும்பிப் பார்த்தபோது வார்டில் ஒரு முகமும் இல்லை. அன்றைக்கு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கத்தம்மாள் அந்த வைகாசியில் வந்தார். எழுபது வயது இருக்கும். காவிரிப் படித்துறையில் குளித்துவிட்டு ஏறும்போது, பக்கத்தில் துணி துவைத்தவள் தன்மேல் தெறித்துவிட்டாள் என்று திரும்பிச் சண்டை போட்டிருக்கிறார். சண்டையில் பாதி வார்த்தை பாக்கி இருக்கும்போதே கால் வழுக்கித் தொடை எலும்பு, இடுப்புக்குப் பக்கத்தில், முறிந்துவிட்டது. தூக்கி வரும்போதும் மீதி வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

வந்த அன்றே அவர் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். உடம்பு டாக்டரோடது, யார் வேண்டுமானாலும் தொடலாம். ஆஸ்பத்திரியில் அதற்குத் தீட்டுப் பார்த்தால் கதை நடக்காது. தீர்த்தம் பெருமாளோடது, அதை ஒருத்தரும் தொடக்கூடாது. அவருக்குச் சாப்பாடும் காவிரித் தண்ணீரும் தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும். ஒரு சின்னப் பித்தளைக் குடம். அது அவருடைய ஜன்னல் மேடையில் இருக்கும். அதுதான் நாள் முழுவதற்கும் குடிதண்ணீர்.

கொண்டுவருகிறவர் அவருடைய மைத்துனர் மகன், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மடியாக, எந்தத் தீட்டும் படாமல் வரவேண்டும் என்பதால் விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியோடு சைக்கிளில் வருவார். சைக்கிள் சீட்டு தோல். ஆகவே அதன்மேல் ஒரு பட்டுத் துண்டு. குடத்தின் வாயை வாழையிலையால் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி, மலைக்கோட்டைக் கடைவீதி நெரிசலில், "மடி, மடி, விலகிக்கோங்கோ" என்று கத்திக்கொண்டே வருவார். மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் அவருக்கு வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் அவரைப் பார்த்தாலே "மடி வருதுடோய்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வந்து சேரும்போது குடத்தில் முக்கால்வாசிதான் இருக்கும். மிச்சம் அவர் முதுகில்.

பக்கத்துக் கட்டிலில் பெரிய கடைவீதி ராவுத்தர் வீட்டம்மா. முழங்காலுக்குக் கீழே முறிவு. ராவுத்தருக்கு ஜவுளிக் கடை. அந்தம்மாவுக்கு வாயும் மனசும் தாராளம். வீட்டிலிருந்து எது வந்தாலும் வார்டு முழுவதற்கும் பங்கு வைப்பார். ஸ்ரீரங்கத்தம்மாளிடம் மட்டும் ஒரு நாளும் நீட்ட மாட்டார். "கேக்கவே வேணாம், பதிலு அவங்க மொகத்துலயே எழுதியிருக்கு" என்பார். ஆனாலும் இருவரும் காலையிலிருந்து இருட்டும் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். மருமகள்களைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் ஒரே பாஷைதான் இருந்தது. ஸ்ரீரங்கத்தம்மாளுக்குப் பிள்ளையே இல்லை. அடுத்த வீட்டு மருமகள்களை வைத்துச் சமாளித்தார்.

எட்டு வாரம் ஆயிற்று. மணல் மூட்டையை அவிழ்த்தோம். டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

"எந்திரிங்கம்மா" என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாளும் அதே பதில்தான். வலியில்லை என்று எனக்குத் தெரியும். பயம். காலைத் தரையில் வைக்கப் போகும்போது, விழுந்த அந்தப் படி அவர் கண் முன்னால் வந்துவிடும் போலிருந்தது, முகம் வெளுத்துவிடும். அதை மட்டும் வாய்திறந்து சொல்ல மாட்டார். "ஏகாதசி" என்பார், "ராகுகாலம்" என்பார், "இன்னிக்குத் திசை சரியில்லை" என்பார். திசை சரியில்லாத கால் எது என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் வாரத்தில் அந்தக் குமாஸ்தாப் பிள்ளை ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய அப்பா, அதாவது அம்மாளின் மைத்துனர், தொட்டியத்தில் வாழைத் தோட்டத்தோடு இருந்தார். ஆடி முடிவதற்குள் தாமே வந்து மன்னியைத் தொட்டியத்துக்கு அழைத்துப் போகப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் அம்மாள் தனியாக இருந்தார். தன் தளிகையைத் தானே சமைத்து, தன் தண்ணீரைத் தானே கொண்டுவந்து, காலையும் மாலையும் கோயிலுக்குப் போய், முப்பது வருஷம் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தவர். இப்போது நடக்க முடியாதவரைத் தனியே விட முடியாது என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

"பெரியம்மா, தொட்டியத்துலயும் காவேரிதானே" என்றார் அந்தப் பிள்ளை, ஈர வேட்டியில் நடுங்கிக்கொண்டு.

"அது பெருமாளைச் சுத்தி வராத காவேரிடா" என்றார் அம்மாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் போர்வையைச் சரிசெய்தேன். இந்தக் கிழவிக்காக நான் ஏன் வருத்தப்படுகிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. கட்டில் விரிப்பை மாற்றும்போது, ஜன்னல் மேடையின் ஓரத்தில் குடம் விழுவதுபோல் இருந்தது. நான் யோசிக்காமல் உள்பக்கமாக நகர்த்திவைத்தேன்.

"ஏண்டி! தீர்த்தக் குடத்தைத் தொட்டுட்டியேடி!"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"விழப்போச்சும்மா. நகர்த்தித்தான் வெச்சேன். உள்ள கை விடலை."

"தொட்டா தொட்டதுதான். கை விட்டா என்ன, விடாட்டா என்ன? அத்தனையும் போச்சு."

இதைக் கேட்கும்போது சிரிப்பு வராது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதுதான் வருகிறது. அன்றைக்கு என் கையையே பார்த்தேன். எட்டு வாரமாக அவருடைய மலமும் மூத்திரமும் எடுத்த கை. அதற்கெல்லாம் உதவிய கை, ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தைப் பிடித்ததும் தீட்டாகிவிட்டது. தாகம் எடுக்கட்டும், தெரியும் என்று நினைத்துக்கொண்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு அவர் உதட்டை நாக்கால் தடவ ஆரம்பித்தார். பதினோரு மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"குழாய்த் தண்ணி கொண்டாரட்டுமா?"

"குழாய்த் திருகுக்குள்ள வாஷர்னு தோல் வெச்சிருக்கான். தோலை நக்கிண்டு வர ஜலத்தை நான் குடிக்கவா?"

"சமையல்கார ஐயரைக் கிணத்துலேர்ந்து எடுத்தாரச் சொல்லட்டுமா?"

"அவர் பட்டை பட்டையா விபூதி இட்டுண்டு வரார். அவா கை ஜலம் எங்காத்துல பழக்கம் இல்லை."

உயர்சாதி நோயாளிகளுக்கென்றே வேலைக்கு வைத்திருந்த பிராமணச் சமையல்காரர் அவர். அவரும் போதாது என்றால் பெருமாளே இறங்கி வந்து சேந்தினால்தான் உண்டு. ராவுத்தர் வீட்டம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "சரி, கிணத்துல இருக்கறது?" என்றார்.

"கிணறு பூமாதேவியோடது. அதுக்கு ஏது தீட்டு?"

"அப்ப யார்தான் போய் எடுக்கறது?"

அம்மாள் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். சிரிக்கிற ராவுத்தர் வீட்டம்மாவை, டாக்டரை, கடைசியில் என்னை. என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

சொல்லிவிட்டு, ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக, இரண்டு காலையும் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் மூச்சுக்கூட விடவில்லை. நானும் ஆயாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். ஆறு அடி. ஆறாவது அடியில் முகமெல்லாம் வியர்த்து, கால் துவண்டுவிட்டது. ஒரு மர நாற்காலியை நீட்டினோம், உட்கார்ந்தார். அப்படியே நாற்காலியோடு தூக்கிக் கிணற்றடியில் வைத்தோம். வார்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், நாற்பது தப்படி தூரத்தில் கிணறு. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து கிணற்றிலும் ஏறியிருந்தது. செம்பில் இரண்டு முழக் கயிறு கட்டினால் போதும். குடத்தைப் புளி போட்டு, மண் போட்டு, நாலு தடவை தேய்த்தார். என் கை அவ்வளவு அழுக்கா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் சேந்திய தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஊற்றின வேகத்தில் கழுத்தெல்லாம் நனைந்தது.

இதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று பிற்காலத்தில் பலர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். பொய் சொல்ல எனக்கு மனசில்லை. மறுநாள் காலையில் நான் அந்தக் குடத்தைத் தொட்டது வைத்தியத்துக்காக அல்ல. பழிவாங்கத்தான். நாலு தடவை புளி போட்டுத் தேய்த்தாயே, இன்னொரு தடவை தேய் என்று, மேடையைத் துடைக்கிற சாக்கில் விரல் நுனியால் தொட்டேன்.

"ஏண்டி!"

"ஐயோ, மறந்துட்டேம்மா."

அன்றைக்குப் பத்து அடி நடந்தார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நடந்ததையெல்லாம் உள்ளபடி சொன்னேன். அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்; சிரித்திருக்கிறார். எழுந்து வந்து, அம்மாளின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய மருந்து அட்டையில் தம் கைப்பட எழுதினார்: குடம், தினம் இரண்டு வேளை.

அன்றிலிருந்து அது என் டியூட்டி ஆயிற்று. ஆனால் செய்வது சுலபமில்லை. அம்மாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஒரு நாள் சேலைத் தலைப்பு பட்டது. ஒரு நாள் தும்மல் வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் பல்லியை விரட்டினேன். பல்லி இல்லை என்று ராவுத்தர் வீட்டம்மாவே சாட்சி சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் வார்டுக்குள் நுழைந்தாலே அவர், "வர்றாங்க, வர்றாங்க, குடத்தைப் புடிச்சுக்கங்க" என்று கூவுவார். அம்மாள் பிடிப்பதற்குள் நான் தொட்டுவிடுவேன். அப்புறம் வசவு. என் வளர்ப்பு, என் கண், இந்தச் சர்க்கார், இந்தக் கலிகாலம் எல்லாம் சேர்ந்து வாங்கும். வசவு முடியும்போது அவர் கதவைத் தாண்டியிருப்பார்.

நான் நாற்காலியைத் தினமும் நாலைந்து தப்படி தள்ளிப் போட்டேன். முதலில் வார்டு நடுவில், பிறகு வாசலில், பிறகு வராந்தாவில், பிறகு வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம். ஆயாவின் தோளுக்குப் பதில் ஒரு கைத்தடி வந்தது. நான் இரண்டடி பின்னால் போவேன். விழுந்தால் பிடிக்க. "ஏன் பின்னாலேயே வரே? கிணத்தையும் தொடப்போறியா?" என்று கேட்பார்.

வேடிக்கை என்னவென்றால், ராவுத்தர் வீட்டம்மாவும் எழுந்துவிட்டார். கிணற்றடியில் குடம் தேய்க்கிற தமாஷைப் படுத்துக்கொண்டு பார்க்க முடியவில்லையாம். நொண்டி நொண்டி வராந்தாத் தூண்வரை வந்தார். அவரைப் பார்த்து வடாம் அம்மாளும் மாடு முட்டிய அம்மாளும் வந்தார்கள். டாக்டர் பட்டாள நடை நடந்தும் எழாத வார்டு, ஒரு குடம் தேய்ப்பதைப் பார்க்க எழுந்து வந்தது. பார்க்க வந்த ஒரு மருமகள், "அத்தை, படுங்க" என்று மாமியாரின் கையைப் பிடித்தாள். "போடீ, நர்ஸு தொடுற நேரம்" என்று கையை உதறிவிட்டார் அந்த மாமியார்.

இந்தச் சமயம் பார்த்து எனக்கு மலேரியா வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். எனக்குப் பதிலாக வந்த பெண் ரொம்பச் சாது. ஐயங்கார் அம்மாள் மனம் கோணக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருந்து அட்டையில் குடம் என்று இருப்பதைப் பார்த்து, அதைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் போலும் என்று எடுத்துக்கொண்டாள். குடம் இருந்த பக்கமே போகவில்லை. நான் திரும்பி வந்ததும் நடந்ததை ராவுத்தர் வீட்டம்மாதான் சொன்னார். சொல்வதற்குள் இரண்டு தடவை சிரித்து மூச்சு வாங்கினார்.

முதல் நாள் அம்மாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டாம் நாள் குடத்தை எடுத்து மேடையின் விளிம்பில் வைத்தாராம். அந்தப் பெண் ஒதுங்கிப் போனாள். மத்தியானம் குடத்தை இறக்கி நடைபாதையில், எல்லோரும் நடக்கிற இடத்தில் வைத்தாராம். அந்தப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, ஒனக்குக் கையில்லையா? வந்து தொடு."

"ஐயோ, நான் தொடவே மாட்டேம்மா" என்று அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

"இந்த ஆஸ்பத்திரியில ஒழுங்காத் தீட்டுப் பண்ணத் தெரிஞ்சவா ஒருத்தருமே இல்லையா?" என்று அம்மாள் வார்டு அதிரக் கத்தினாராம்.

நான் அம்மாளின் கட்டிலுக்குப் போனேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். "ஜொரம் விட்டுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடம் விளிம்பில் இருந்தது. நான் தொட்டேன். "ஏண்டி!" என்றார், ஒப்புக்கு. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பதினோராம் வாரக் கடைசியில் தொட்டியத்து மைத்துனர் வந்து இறங்கினார். மடித்துணி வைக்கிற மடிசஞ்சிப் பையும் குடையுமாக நல்ல கம்பீரம். பின்னால் மகன், அன்றைக்காவது சட்டை போட்டுக்கொண்டு. வெளியே கூண்டு வண்டி, உள்ளே வைக்கோல் மெத்தை எல்லாம் தயார். மன்னிமேல் அவருக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையிலேயே அவரை ஒரு மூலையில் படுக்கவைத்துவிடக்கூடிய மனிதர்.

"அவங்க நடக்கறாங்க. தண்ணி அவங்களே எடுத்துக்கறாங்க" என்றேன்.

"நடக்கட்டும் பாப்போம்" என்றார்.

அம்மாள் கைத்தடியைக் கட்டில்மேல் போட்டார். எனக்குப் பகீர் என்றது. தடியில்லாமல் அவர் அதுவரை நடந்ததே இல்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் வராந்தாவில். சேந்தினார். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினார். ஒரு கணம் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஓடக் காலெடுத்தேன். டாக்டர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மாள் நிமிர்ந்தார். நாற்பது தப்படியும் நடந்து வந்து, ஜன்னல் மேடையில் குடத்தை வைத்தார். ராவுத்தர் வீட்டம்மா "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைத்துனர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். "பேஷ். ஆனா ஒரு வீம்புல ஒரு நடை யாரும் நடந்துடலாம் மன்னி. தினம் ஆகணுமே. வண்டி நிக்கறது, கிளம்புங்கோ."

அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. நேராக ஜன்னலுக்குப் போனேன். சாக்கு இல்லை, தும்மல் இல்லை, பல்லி இல்லை. இரண்டு கையாலும் குடத்தை அணைத்துப் பிடித்தேன்.

"என்ன பண்றே நீ!" என்று மைத்துனர் குதித்தார். மகன் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாள் என்னைப் பார்த்தார். முதல் நாள் "நான்தான்" என்று சொல்வதற்கு முன்னால் பார்த்த அதே பார்வை. அப்புறம் மைத்துனர் பக்கம் திரும்பி, "இவ தினம் இப்படித்தான் பண்றா. நானும் தினம் இப்படித்தான் போறேன்" என்றார். குடத்தை இடுப்பில் வைத்தார், வேப்பமரத்தடியில் கொட்டினார், புளி போட்டுத் தேய்த்தார், சேந்தினார், திரும்பி வந்தார். இரண்டாவது நடை முதல் நடையைவிட வேகமாக இருந்தது.

"போறுமா, இன்னொண்ணு போகணுமா?" என்று கேட்டார்.

கூண்டு வண்டி பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போயிற்று. தொட்டியத்துக்குப் போகவில்லை. ஏறும்போது ராவுத்தர் வீட்டம்மாவின் கன்னத்தைத் தொட்டு விடைபெற்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. என் கையால் ஒரு வாய் தண்ணீர் அவர் கடைசிவரை குடிக்கவில்லை. அதை நான் மன்னித்தேனா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அடுத்த வருஷம், ஒரு லீவு நாளில், என் அக்காவோடு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போயிருந்தேன். ஆற்றில் நல்ல வெள்ளம். அக்காவின் குழந்தைகள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் ஒருத்தர் ஏறி வந்தார். தடி இல்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். இடுப்பில் அந்தக் குடம்.

என்னைப் பார்த்ததும் நின்றார். நலம் விசாரிக்கவில்லை. குடத்தை எனக்கு எதிரே படியில் இறக்கிவைத்தார்.

"என்னடி பாத்துண்டு நிக்கறே? தொடு."

சுற்றிலும் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து தொட்டேன்.

"ஏண்டி!" என்றார் அம்மாள், படித்துறை முழுவதும் கேட்கும்படி. தண்ணீரை ஆற்றிலேயே கொட்டினார். எந்தப் படியில் போன வருஷம் விழுந்தாரோ அந்தப் படியில் இறங்கி, குடத்தைத் தேய்த்து, மொண்டு, மறுபடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. என்னைத் தாண்டி இரண்டு படி போய்த் திரும்பினார்.

"காலம்பறத்துக்கு ஆச்சு" என்றார். "சாயங்காலத்துக்கு யாருடி இருக்கா எனக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அக்காவையும் குழந்தைகளையும் மத்தியான பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். நான் படித்துறையிலேயே இருந்து, ஐந்து மணிக்கு அவர் வந்ததும் இரண்டாம் வேளையையும் கொடுத்துவிட்டுத்தான் திருச்சி திரும்பினேன்.